ஐஸ் கரையுதுலே, குடி!

மே மாசத்துல கல்கத்தாவுக்குப் படம் எடுக்க வந்திருக்கியாமே தம்பி? நல்ல சோலிதான். தோள்ல ஒரு கேமரா, இடுப்புல ஒரு கேமரா, மேலெல்லாம் பை வச்ச சட்டை, கழுத்தச் சுத்தி ஒரு குட்டி விசிறி. ஏலே, சண்டைக்குப் போறியா, சர்பத் குடிக்கப் போறியா?

இதுல துபாய்க்காரன்ங்கிற தெனாவெட்டு வேற. "தாத்தா, நாங்க 45 டிகிரி பாத்தவங்க, இங்க 38தான"ங்கிற. அந்த 45ஐ நீ எங்கன வச்சுப் பாத்த? கார் கண்ணாடிக்கு உள்ள இருந்து பாத்த. வீட்டுல இருந்து காரு, கார்ல இருந்து ஆபீசு, ஆபீசு விட்டா மாலு. வெயில் உன்னப் பாத்திருக்கும். நீ அதப் பாக்கல.

பாலைவனத்துக் காத்து காஞ்ச காத்து. வேர்வை அரும்புனதும் உறிஞ்சிக்கிடும். உறிஞ்சும்போது ஒடம்புச் சூட்டையும் கொஞ்சம் தூக்கிட்டுப் போயிரும். இங்க காத்தே வங்காள விரிகுடாவுல முங்கிக் குளிச்சிட்டு ஈரத் தலையோடதான் ஊருக்குள்ள வருது. உன் வேர்வைய வாங்கி வைக்க அதுகிட்ட எடம் ஏது? தோல் மேலயே நிக்கும். அங்க உன்னை வறுப்பான், இங்க உன்னை அவிப்பான். அவ்வளவுதான் வித்தியாசம். 2024 ஏப்ரல் கடைசியில இங்கயும் 43 டிகிரி வரைக்கும் போச்சு. அன்னைக்கு ரெண்டும் சேந்து நடந்துச்சு.

போன்ல வேற ஒண்ணு காட்டுதாமே, வெயில் 38, ஆனா 47ஆ உணருதுன்னு? நான் என்ன உணருதேன்னு எனக்குத் தெரியாதா? முதுகுல பனியன் ஒட்டுனா வெக்கை, ஒட்டாட்டா சொகம். இதுக்கு ஒரு மிஷினு, அதுக்கு மாசச் சந்தா.

ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கோ. கோடையப் படம் பிடிக்கணும்னா மொதல்ல அதத் தின்னணும், குடிக்கணும், அதுக்குள்ள படுத்துத் தூங்கணும். வயித்துக்குள்ள போகாத கோடை படத்துக்குள்ளயும் வராது. நீ தலைகீழாப் பண்ணுத. மொத படம், அப்புறம் அதுக்கு நாலு வரி எழுத்து, அப்புறம் எத்தனை பேரு பாத்தான்னு கணக்கு, கடைசியில மிச்சம் இருந்தா வாயில. அப்ப மிச்சம் என்ன இருக்கும்? வெதுவெதுன்னு தண்ணி இருக்கும்.

நான் தேரிக்காட்டுக்காரன். திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரின்னு கேள்விப்பட்டிருப்ப. கண்ணுக்கெட்டுன தூரம் செக்கச் செவேர்னு மணல், நடுநடுவே பனை. இப்ப சினிமாக்காரங்க வண்டி கட்டி வந்து அங்கன பாலைவனம்னு சொல்லிச் சண்டைக் காட்சி எடுக்காங்க. எங்க அம்மைக்கு அது வெறகு பொறக்குற எடம். அங்க இருந்து டைப்படிக்கப் படிச்சிட்டு மெட்ராஸ் மெயில்ல ஏறி இந்த ஊருக்கு வந்தேன். லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மூலையில ஒண்டுனவன்தான், இன்னும் எந்திரிக்கல. வந்த புதுசுல ஊர் ஏக்கம் தாங்காம நடந்து போறேன், ப்ளாட்பாரத்துல ஒருத்தன் குத்த வச்சு அரிவாளோட நுங்கு சீவுதான்! இங்க அதுக்குப் பேரு தால்ஷாஷ். நம்ம நுங்குதான், பேச்சுதான் வங்காளம். அன்னைக்கே தெரிஞ்சு போச்சு, இந்த ஊர்ல பொழச்சுக்கிடலாம்னு.

நுங்கு தின்ன ஒரு முறை இருக்கு. சீவுன கையோட கட்டவிரல விட்டு நோண்டணும். உள்ள நிக்கிற தண்ணி ஒரு சொட்டு கீழ விழப்படாது. முழங்கை வரைக்கும் வழிஞ்சா அது கணக்கு இல்ல. நீ முந்தாநாள் என்ன பண்ணுன? கறுப்புத் தட்டு கேட்ட. அதுல வட்டமா அடுக்குன. பக்கத்துல புதினா வச்ச. நுங்குக்குப் புதினாவ எவம்லே சொல்லிக் குடுத்தான்? அப்புறம் நாற்காலி மேல ஏறி நின்ன. வெளிச்சம் சரியில்லைன்னு ஜன்னலத் தொறந்த, மூடுன, தொறந்த. நீ கீழ எறங்கி வரும்போது அது வாடி, தொலி சுருங்கிக் கெடக்கு. "நுங்கு ஒண்ணும் அவ்வளவு ருசியா இல்லையே தாத்தா"ன்னு தீர்ப்பு வேற சொன்ன.

இந்த நுங்கு வடிவத்துலயே இங்க ஒரு மிட்டாய் இருக்கு தெரியுமா? ஜல்பரா சந்தேஷ். சந்தன்நகர்ல பொறந்தது. பாண்டிச்சேரிய வச்சிருந்த அதே ஃப்ரெஞ்சுக்காரன் வச்சிருந்த ஊரு, ஹூக்ளிக் கரையில. அங்க சூர்ய மோதக்னு ஒரு மிட்டாய்க்காரர் இருந்தாரு. தெலினிபாடா ஜமீன் வீட்டுக்காரங்க அவரக் கூப்பிட்டு, "புது மாப்பிள்ளைய ஏய்க்கிறதுக்கு ஒரு மிட்டாய் பண்ணித் தாரும்"னு கேட்டாங்களாம். மனுசன் யோசிச்சு, நுங்கு அச்சுல சந்தேஷ் பிடிச்சு, நடுவுல பன்னீர அடைச்சுக் குடுத்தாரு. மாப்பிள்ள மிடுக்கா உக்காந்து ஒரு கடி கடிச்சாரு. சட்டையெல்லாம் பன்னீர் அபிஷேகம். மச்சினிமாருக்கு ஒரே கொண்டாட்டம். இன்னைக்கும் கோடை நடுவுல ஜாமாய் சஷ்டின்னு மருமகனுக்கு விருந்து வைக்கிற நாள் ஒண்ணு வருதுல்லா, அன்னைக்கு இந்த மிட்டாய்க்குத் தனி கிராக்கி.

இந்தக் கதையைச் சொல்லித்தான் உனக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். நீ கடிக்கிற கணக்கா வாயப் பொளந்துட்டு நின்ன, கடிக்கல. உள்ள இருக்கறது படத்துல தெரியணும்னு கத்தியால ரெண்டா அறுத்த. பன்னீர் மேசையில ஓடுச்சு, எறும்பு குடிச்சுது. உன் சட்டை தப்பிச்சுது. நாக்கும் தப்பிச்சுது. அந்த ஜமீன் வீட்டு மாப்பிள்ள உன்னை விடக் கெட்டிக்காரன்லே, நனைஞ்சாலும் தின்னுட்டான்லா.

சரி, ஐஸுக்கு வருவோம். நீ டம்ளர்ல போட்டு ஆட்டிக்கிட்டு இருக்கியே, அந்தக் கட்டி இந்த ஊருக்கு வந்த கதை தெரியுமா? 1833ல அமெரிக்காவுல பாஸ்டன்ல இருந்து டஸ்கனின்னு ஒரு கப்பல் பொறப்பட்டுச்சு. ஃப்ரெட்ரிக் டியூடர்னு ஒரு வியாபாரி. குளிர்காலத்துல ஏரி உறையுமுல்லா, அத அறுத்து, மரத்தூளுக்குள்ள பொதிஞ்சு, 180 டன் ஏத்தி அனுப்புனாரு. கப்பல் நாலு மாசம் கடல்ல வந்துச்சு. நடுவுல பூமியோட நடுக்கோட்ட ரெண்டு தடவ தாண்டணும். கல்கத்தாவுல வந்து நிக்கும்போது சுமார் 100 டன் மிஞ்சுச்சு. ஊர் வெள்ளைக்காரங்களுக்குத் தலகால் புரியல. பணம் தண்டி ஐஸ் வைக்கத் தனியா ஒரு கட்டடமே கட்டிப்புட்டாங்க. மெட்ராஸ்ல கடற்கரையில ஐஸ் ஹவுஸ்னு சொல்லுவாங்களே, அதுவும் இதே டியூடர் ஐஸுக்குக் கட்டுனதுதான். பிற்பாடு 1897ல இந்தக் கல்கத்தாக்காரர் விவேகானந்தர் அங்கன வந்து தங்குனாரு, இப்ப விவேகானந்தர் இல்லம்னு பேரு. ஐஸ் இங்க வந்துச்சு, சாமியார் அங்க போனாரு, கணக்கு சரியாப் போச்சு.

நான் சொல்ல வந்தது வேற. நாலு மாசம் கப்பல்ல வந்து பாதிக்கு மேல தாக்குப் பிடிச்ச ஐஸ், நீ போட்டோவுக்கு ஃபோகஸ் பண்ணி முடிக்கிறதுக்குள்ள மொத்தமாக் கரைஞ்சிருதே. அந்த டியூடர் மட்டும் இருந்தா உன்னப் பாத்து அழுவாருலே.

காலேஜ் ஸ்கொயர்ல பேரமவுண்ட்னு ஒரு சர்பத் கடை. 1918ல ஆரம்பிச்சது. சுதந்திரப் போராட்டக்காரங்க சர்பத் குடிக்க வாற சாக்குல கூடிப் பேசுன எடம்னு சொல்லுவாங்க. அங்கன இளநி சர்பத் ஒண்ணு இருக்கு, வழுக்கையோட. அதுக்குப் பக்குவம் சொல்லிக் குடுத்தது பிரபுல்ல சந்திர ராய்னு அந்தக் கடைக்காரங்க சொல்லுவாங்க. யாரு அவரு? ரசாயன வாத்தியாரு, பெங்கால் கெமிக்கல்ஸ் கம்பெனிய உண்டாக்குனவரு. பெரிய விஞ்ஞானி, வெயில் காலத்துல புள்ளைங்க என்ன குடிக்கணும்னும் யோசிச்சிருக்காரு. சலவைக்கல் மேசை, சுவர்ல பெரிய பெரிய ஆளுங்க பேரு. அங்க உக்காந்தா ரெண்டு நிமிசத்துல குடிச்சிட்டு எந்திரிக்கணும், பின்னால சனம் நிக்கும். நேத்து நம்ம பின்னால ஒரு காலேஜுப் புள்ள நின்னுச்சே, பாத்தியா? நீ டம்ளரத் திருப்பி, ஸ்ட்ராவத் திருப்பி, மேசையத் தொடச்சு, என் கைய "தாத்தா கொஞ்சம் தள்ளுங்க"ன்னு தள்ளுன. அந்தப் புள்ள உன்னப் பாத்துச்சு. நான் கூரையப் பாத்தேன்.

வீட்டுல பண்ற சுட்ட மாங்காய் சர்பத்துக்கு இந்தத் தொல்லை இல்ல. பச்ச மாங்காய அடுப்புல சுட்டு, தொலிய உரிச்சு, பிசைஞ்சு, சீரகம், கறுப்பு உப்பு, கொஞ்சம் சீனி. பாக்கச் சேத்துத் தண்ணி கணக்கா இருக்கும், அதனால ஒருத்தனும் படம் எடுக்க மாட்டான். நிம்மதியாக் குடிக்கலாம். மோர்ல கந்தராஜ் எலுமிச்சை ஒரு கீத்து பிழிஞ்சு விட்டா, கூடத்துல இருக்குறவனுக்குக் கோவம் எறங்கிப் போகும். அந்த வாசனைய எந்த லென்ஸ்ல பிடிப்ப? சொல்லு பாப்போம்.

பழைய சோத்துக்கு வந்த யோகத்தப் பாத்தியா? இங்க பாந்தா பாத். ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தி வச்சு, காலையில வெங்காயம், பச்சமொளகா, ஒரு துளி கடுகெண்ணெய், தொட்டுக்க உருளைக்கெழங்கு மசியல். வெயில்ல வேலைக்குப் போறவனுக்கு மத்தியானம் வரைக்கும் வயிறு குளுந்து கெடக்கும். நம்ம ஊர்ல சின்ன வெங்காயமும் மோரும், அவ்வளவுதான் மாத்தம். இத வீட்டுக்கு ஆள் வந்தா மறைச்சு வச்சுத் தின்ன காலம் உண்டு. 2021ல ஆஸ்திரேலியா மாஸ்டர்செஃப் கடைசிச் சுத்துல கிஷ்வர் சவுத்ரின்னு ஒரு வங்காளப் பொண்ணு அதச் செஞ்சு வச்சுது. நடுவருங்க கண்ண மூடி ருசிச்சாங்க. அந்தப் பொண்ணு மூணாவதா வந்துச்சு, நல்லா இருக்கட்டும். மறுநாளே இங்க ஹோட்டல்காரன் விழிச்சுக்கிட்டான். கல்லுத் தட்டுல நாலு பருக்கை, மேல ஒரு பூ. அதுக்கு நீ எடுத்த படத்த உங்க அம்மை எனக்குக் காட்டுனா. பில்லையும் காட்டுனா. பழைய சோத்துக்கு வரி போட்ட பில்ல நான் உசுரோட இருக்கும்போதே பாத்துட்டேன்.

தின்னது போதும். இப்ப உன் கேமராவுக்கு வருதேன். கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத.

இந்த ஊர்ல மே மாசம் அஞ்சு மணிக்கெல்லாம் சூரியன் வந்துரும். தேசத்துக்கே ஒரு கடியாரம், நாம கெழக்க தள்ளிக் கெடக்கோம், அதான். அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் ரவீந்திர சரோபர் ஏரிக்கரையில போய் நில்லு. தண்ணி மேல படகு தள்ளுறவன், கரையில கைய வீசிக்கிட்டு வேகமா நடக்குற கெழடுங்க, பெஞ்சுல உக்காந்து உலகத்த ஆளுற அரட்டைக் கூட்டம், எல்லாத்து மேலயும் வெளிச்சம் சாஞ்சு விழும். நீ எட்டு மணிக்குப் பல்லு தேய்க்க. அதுக்குள்ள வெளிச்சம் ஆபீசுக்குப் போயிருது.

அப்புறம் பன்னெண்டு மணிக்குத் தொப்பியப் போட்டுக்கிட்டுப் பொறப்படுத. கல்கத்தா கடக ரேகைக்குக் கொஞ்சம் தெக்க இருக்கு. ஜூன் மொத வாரத்துல உச்சிச் சூரியன் நேரா நடுமண்டையில எறங்கும், நட்டு வச்ச கம்புக்கு நிழல் இருக்காது. மெட்ராஸ்ல அந்த நாளு ஏப்ரல் கடைசியிலயே வந்துட்டுப் போயிரும். அந்த வெயில்ல ஒரு ஆளப் பிடிச்சுப் படம் எடுத்தா என்ன ஆகும்? கண்ணு இருக்குற எடத்துல ரெண்டு குழி. மூக்குக்குக் கீழ ஒரு கறுப்பு. பொம்பளப் புள்ளைக்கும் மீசை வச்சு அனுப்புவ. அந்தப் புள்ள வீட்டுல உனக்குச் சோறு போடுமா?

மத்தியானம்தான் எடுத்தாகணும்னா சந்துக்குள்ள போ. வடக்குக் கல்கத்தாவுல சந்துக்குக் கொறச்சலா? ஒரு பக்கம் வெயில் அடிக்கும், எதிர்ச் சுவர்ல பட்டு அது மெத்துன்னு திரும்பி வரும். அந்த வெளிச்சத்துல ஆள நிறுத்து. இது என் யோசனை இல்ல. சத்யஜித் ராயோட 'அபராஜிதோ', 1956ல வந்த படம். காசி வீட்டு முத்தத்த இங்க ஸ்டுடியோவுல செட்டுப் போட்டாங்க. முத்தத்துல மேல இருந்து எறங்குற வெளிச்சத்துக்கு என்ன பண்ண? கேமராக்காரர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேல வெள்ளத் துணிய இழுத்துக் கட்டி, விளக்க அதுல அடிச்சுத் திருப்பி எறக்குனாரு. பாத்தவனுக்கு அது நெசக் காசி. இந்த மித்ரா 'பதேர் பாஞ்சாலி' எடுக்க வரும்போது வயசு 21 வாக்குல, அதுக்கு முன்ன சினிமாக் கேமராவத் தொட்டதே இல்ல. கையில இருந்தது ஒரு முழத் துணியும் கொஞ்சம் மூளையும். உன் பையில எத்தனை விளக்கு இருக்குன்னு நான் கேக்கல.

இன்னும் பழைய ஆளுங்க பாடு தெரியுமா? 1856லயே இங்க வங்காளப் போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆரம்பிச்சாச்சு. 1863ல சாமுவேல் போர்ன்னு ஒருத்தரு வந்து எறங்குனாரு. இங்கிலாந்துல பேங்க் குமாஸ்தா, வேலைய விட்டுட்டுக் கேமராவத் தூக்குனவரு. உங்க ஆபீஸ்லயும் ரெண்டு பேரு அப்பிடித் திரியுதாங்களாமே? அவரு காலத்துல கண்ணாடித் தகட்டுல மருந்து பூசணும், அந்த ஈரம் காயறதுக்குள்ள படம் எடுக்கணும், காயறதுக்குள்ளயே இருட்டுக் கூடாரத்துக்குள்ள புகுந்து கழுவி முடிக்கணும். நம்ம வெயில்ல அந்த ஈரம் எத்தனை நேரம் நிக்கும்? கூடாரத்துக்குள்ள மருந்து நெடி, வெக்கை, இருட்டு. அதனால அவரு ஒரு படத்துக்கு நூறு தடவ ரோசிச்சாரு. நீ ஒரு தட்டு மாங்காக் கீத்துக்கு 60 படம் எடுத்திருக்க. மாங்கா அசையவா போகுது? அவரு கூட்டா ஆரம்பிச்ச போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டுடியோ எஸ்பிளனேட் பக்கம் நூத்தம்பது வருசத்துக்கிட்ட ஓடுச்சு. 1991ல தீப்பிடிச்சுப் பழைய தகடெல்லாம் போச்சு. 2016ல கடையையே சாத்திட்டாங்க. சாத்துன அன்னைக்கு வாசல்ல எத்தனை பேரு நின்னு போன்ல படம் எடுத்தாங்கங்கிற! தொறந்திருந்தப்ப உள்ள போயி ஒரு படம் எடுத்துக்கிட்டிருந்தா கடை சாத்தியே இருக்காது.

டிராமுக்கும் மஞ்ச டாக்சிக்கும் அதே கதைதான். ஓடும்போது ஏறமாட்டான், நின்னா மாலை போட வருவான். விடு.

கேமரா பிடிச்ச இன்னொருத்தரச் சொல்லுதேன். ஜூலியா மார்கரெட் கேமரூன்னு ஒரு அம்மா. 1815ல இந்தக் கல்கத்தாவுல பொறந்தவங்க. 48 வயசுல மகளும் மருமகனும் ஒரு கேமரா வாங்கிக் குடுத்தாங்க. பாத்தியா, இங்கிலீஷ்கார மருமகன் மாமியாருக்குச் செய்தான், நம்ம ஊர் மருமகன் ஜல்பராவத் தின்னுட்டுப் போறான். அந்தம்மா எடுத்த முகமெல்லாம் கொஞ்சம் மங்கலா, மெதுவா இருக்கும். அன்னைக்கு உள்ள பெரிய மனுசனெல்லாம் ஃபோகஸ் தெரியாதவன்னு ஏசுனான். இன்னைக்கு உன் போன் லட்ச ரூவா வாங்கிக்கிட்டு அதே மங்கலத் தருது. கடைசிக் காலத்துல அந்தம்மா இலங்கைக்குப் போயி, அங்க தோட்டத்துல கெடந்து ஒழைச்ச நம்ம சனத்தையும் படம் எடுத்து வச்சுட்டு, 1879ல அங்கனயே கண்ண மூடிட்டாங்க.

ஒழைக்கிற சனம்னதும் ஞாபகம் வருது. ஒரு விசயத்துல உங்கிட்ட எனக்குக் கோவம் உண்டு தம்பி. மத்தியானம் இந்த ஊரு தூங்கும். சாப்பிட்டதும் வர்ற சோத்துத் தூக்கம், அதுக்குக் கடைக்காரன் பாதி ஷட்டர எறக்கிருவான். கைரிக்சாக்காரன் வண்டிய நிழல்ல சாச்சு, அதுக்குள்ளயே மடங்கிப் படுத்திருப்பான். காலையில இருந்து தாரு உருகுற ரோட்டுல ரெண்டு ஆள இழுத்துட்டு வந்தவன். நீ பூனை நடை நடந்து போயி, அவன் மூஞ்சிக்கு ஒரு முழம் தள்ளி லென்ஸ வைக்க. அப்புறம் அதக் கறுப்பு வெள்ளையாக்கி, "மனிதம்"னு தலைப்பு போடுத. மனிதம் இருந்தா தூங்கவிட்டிருப்பியேலே? ஆபீஸ்ல நீ கொறட்டை விடும்போது எவனாவது எடுத்துச் சுவர்ல மாட்டுனா சும்மா இருப்பியா?

மல்லிக் காட் பூச்சந்தையில பாரு, ஹவுரா பாலத்துக்கு அடியில. விடியக்காலம் செவந்திச் சரத்த மூட்டை மூட்டையாத் தலையில வச்சு ஓடியாறான். கழுத்து நரம்பு பொடைச்சு நிக்கி. வழியில நீங்க பத்துப் பேரு மண்டி போட்டு உக்காந்திருக்கீங்க. அவன் "சாப்தான், சாப்தான்"னு, பாத்து விலகுங்கன்னு கத்துதான். நீங்க அந்தக் கத்துற வாயத்தான் எடுக்கீங்க. பக்கத்துப் படித்துறையில ஒருத்தன் குளிக்கான். ஒரு சொம்புத் தண்ணி தலையில ஊத்துனா ஆறு கேமரா "இன்னொரு வாட்டி"ங்குது. ஏலே, அவன் குளிக்கானா, நடிக்கானா? சொல்லுதேன் கேளு: மொத நாள் கேமராவப் பையில வச்சிரு. மண் கொவளையில டீ குடி. செவந்தி சரம் என்ன வெலைன்னு கேளு. வெயில்ல பூவு எப்பிடி வாடாம வைக்காங்கன்னு கேளு, மனுசன் ஆசையாச் சொல்லுவான். ரெண்டாம் நாள் அவனே "எடுக்கலியா தாதா?"ன்னு கேப்பான். அப்ப எடு. கண்ணு உன்னப் பாத்து இருக்கும்.

இன்னொரு உபயோகமான விசயம். ஏசி ரூம்ல இருந்து கேமராவத் தூக்கிட்டு நேரா வெளிய ஓடுத. கண்ணாடி பூரா ஆவி பிடிச்சுருது. நீயும் சட்டையால தொடைக்க, தொடைக்க அது திரும்ப வருது. குளுந்த கண்ணாடி மேல இந்த ஊரு ஈரக்காத்து பட்டா வேற என்ன ஆகும்? பையோட சேத்து அரை மணி நேரம் வெளிய வச்சிரு, சூடு பழகட்டும். அந்த அரை மணி நேரம் நீ என்ன செய்யன்னு கேக்கியா? ப்ளாட்பாரத்துல இளநி இருக்கு, குடி. ஈரம் அடைஞ்சு லென்ஸுக்குள்ள பூசணம் பூத்துச்சுன்னா அப்புறம் அதத் தொலைக்க உன் சம்பளம் காணாது. உன் போனு வேற நேத்து சூடு தாங்காம அணைஞ்சு போச்சு. பரவாயில்ல, வீட்டுல ஒண்ணுக்காவது மத்தியானம் படுக்கணும்னு புத்தி இருந்துச்சே.

கால்பைசாகிய நீ பாத்தியே, அதச் சொல்லாம விட முடியாது. நாலு மணி வரைக்கும் இலை அசையல. கழுத்துல வேர்க்குரு கடிக்குது. வடமேக்க ஒரு கறுப்பு எந்திரிச்சுது. சோட்டா நாக்பூர் மேட்டுல காஞ்ச சூடும் கடல்ல இருந்து வந்த ஈரமும் முட்டிக்கிட்டா வர்ற புயல் அது. மொதல்ல தூசி, அப்புறம் காத்து, கதவெல்லாம் படபடன்னு. பத்து டிகிரி சூடு ஒரு மணி நேரத்துல எறங்கிரும். அந்த நேரத்துல இந்த ஊரு மொட்டமாடிக்கு ஓடும் பாரு! கெழவி, மருமக, வேலைக்காரப் பொண்ணு, சண்டை போட்டுப் பேசாம இருந்த பக்கத்து வீட்டுக்காரன், எல்லாரும் மேல. பாதிப் பேரு கொடித்துணிய எடுக்க ஓடுவாங்க, பாதிப் பேரு நனைய ஓடுவாங்க. பிள்ளைங்க மரத்தடிக்குப் போயி விழுந்த மாங்காயப் பொறக்கும்.

நீயும் ஓடுன. முக்காலி விரிச்ச. மின்னல் வரும்னு குனிஞ்சு அந்தச் சின்னத் திரையப் பாத்துக்கிட்டே இருந்த. மின்னல் உனக்குப் பின்னால வெட்டுச்சு. உன் பாட்டி "துணிய எடுடா, துணிய எடுடா"ன்னு தொண்ட கிழியக் கத்துனா. நீ "ஒரு நிமிசம் பாட்டி"ன்ன. என் வேட்டி ரெண்டு, அவ சேலை மூணு, பக்கத்து வீட்டு மொட்டமாடிக்குக் குடி போச்சு. அந்த மழையில நனையாத ஒரே ஆளு கொடைக்குள்ள நின்ன உன் கேமராதான்.

படம் எடுக்க வேண்டாம்னு நான் சொல்லல பேராண்டி. நீ எடுத்ததுல ஒண்ணு எனக்குப் பிடிச்சிருக்கு. லிச்சிப்பழக் கொத்தக் கையில வச்சுக்கிட்டு உன் பாட்டி யாரையோ திட்டுதா, பாதி உரிச்ச பழம் விரல்ல நிக்கி, சாறு மணிக்கட்டுல ஓடுது. அத நீ எப்பிடி எடுத்தன்னு கேட்டதுக்கு, "சும்மா கை பட்டிருச்சு தாத்தா, நான் லிச்சி தின்னுக்கிட்டு இருந்தேன்"ன. அதத்தான நான் இம்புட்டு நேரமாத் தொண்டத் தண்ணி வத்தக் கத்துதேன்?

நாளைக்கு ஊருக்குப் பொறப்படுதியே, ஒரு சோலி பண்ணு. ஹிம்சாகர் மாம்பழம் இப்பத்தான் சந்தைக்கு எறங்கியிருக்கு. நதியா பக்கத்துச் சரக்கு, நாரு கெடையாது, வாசனை அறைய அடைச்சு நிக்கும். ஒரு சில வாரம்தான், அப்புறம் கேட்டாலும் கெடைக்காது. ப்ளேன்ல எடைக் கணக்கு பாப்பான்லா? அந்த நீட்டு லென்ஸ இங்க அலமாரியில வச்சுட்டுப் போ, பூட்டி வைக்கேன். அந்த எடத்துல மூணு கிலோ தாராளமாக் கொள்ளும். காம்பு மேல பாத்து அடுக்கு, அழுத்தாத. பழத்துக்குக் காசு நான் குடுத்துருதேன், பொறவு உங்க அப்பன்கிட்ட வாங்கிக்கிடுதேன்.